இருபத்தொன்று என்று சொன்னேன்

மார்ச் 3, செவ்வாய்

ஊமைக்கோட்டானுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. இந்த விளையாட்டு விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் தருகிறார்கள். அது அம்மாவுக்கே போதவில்லை. உன்னைக் கூப்பிட்டால் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அதனால்தான் எழுதுகிறேன். நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

நேற்றுக் காலை மாஸ்டர் எங்கள் எல்லோருடைய கைவீச்சையும் எண்ணினார். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எத்தனை முறை கை போடுகிறோம் என்ற கணக்கு. கை குறைந்தால் வீணாகும் பலமும் குறையும், கடைசி வரை தாங்கும் என்பது அவர் பாடம். என் முறை வந்ததும், "உன் கணக்கு என்னம்மா?" என்று கேட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எங்க குளம் இருபத்தஞ்சு மீட்டர் சார். அதுல இருபத்தொண்ணு."

"பரவாயில்லையே! அப்போ இங்க ஐம்பது மீட்டருக்கு நாற்பத்தஞ்சு, நாற்பத்தாறுல முடிக்கணும். போ."

ஐம்பத்தாறு வந்தது. இரண்டாவது முறை ஐம்பத்தெட்டு.

"இருபத்தொண்ணுன்னு யாரு எண்ணினா?"

"என் தங்கச்சி சார்."

"தங்கச்சிக்கு எண்ணத் தெரியாதா, இல்ல உன்மேல அவ்வளவு பாசமா?"

பதினான்கு பெண்கள் சிரித்தார்கள். நேற்றிலிருந்து இங்கே என் பெயர் காத்தாடி. தண்ணீரில் கையைச் சுற்றுகிறேனாம், நகர மாட்டேனாம்.

ஏப்ரல் 14 அன்று நானூறு மீட்டர் தேர்வு வைக்கிறார்கள். ஐந்து நிமிடம் பத்து வினாடிக்குள் முடிக்காதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். நான் இப்போது ஐந்து இருபத்துநான்கு. முதல் இருநூறில் யாரும் என்னைப் பிடிக்க முடியாது. கடைசி நூறில் கை கல்லாகிவிடுகிறது, வலது தோளில் ஊசி குத்துகிறது. அது ஏன் என்று நேற்றுதான் தெரிந்தது. ஆறு வருடம் பொய்க் கணக்கை நம்பி நீந்தியிருக்கிறேன்.

நீ எண்ணத் தெரியாத மக்கா? அதனால்தான் உனக்குப் படிப்பு ஏறவில்லையா? இல்லை, தெரிந்தே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயா? இரண்டில் எது? எழுது.

அக்கா


மார்ச் 8, ஞாயிறு

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. அன்றே ஒரு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். அதில் நான்கு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். உன் கணக்கு ஒருநாளும் இருபத்தொன்றாக இருந்ததில்லை. இருபத்தாறு. நீ களைத்த நாளில் இருபத்தொன்பது.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு அப்போது பதினொரு வயது. நீ சுவரைத் தொட்டுவிட்டு, "எத்தனைடி?" என்றாய்.

"இருபத்தாறுக்கா."

"ஒழுங்கா எண்ணினியா?"

"எண்ணினேன்க்கா."

உன் கையிலிருந்த மிதவைப் பலகை என் முகத்துக்கு வந்தது. உதடு கிழிந்தது. நான்கு நாள் நீ என்னோடு பேசவில்லை. அம்மா மருந்து வைத்துக்கொண்டே, "போட்டி நேரத்துல அவ மனசு உடையிற மாதிரி எதுக்குடி சொல்றே? நாலஞ்சு கம்மியா சொன்னா உன் சொத்தா குறைஞ்சிடும்?" என்றாள். ஐந்தாம் நாள் நீ சுவரைத் தொட்டதும் இருபத்தொன்று என்றேன். வீடு வரை என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தாய். ஆறு வருடத்தில் எண்ணிக்கை மாறவே இல்லையே, இது எப்படி என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அப்புறம் அந்த "மக்கு". ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் எனக்கு எண்பத்திரண்டு. படிப்பு ஏறாமல் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. குளத்தில் இலவசப் பயிற்சியை நிறுத்தியபோது, பெண்கள் உடை மாற்றும் அறையையும் குளத்தையும் சுத்தம் செய்ய ஓர் ஆள் அனுப்பினால் பெரியவளுக்கு ஒரு லேன் சும்மா விடுகிறேன் என்று மேலாளர் சொன்னார். அம்மாவுக்குத் தையல் கம்பெனி. உனக்குப் பள்ளிக்கூடம் முடிக்கிற நேரம். மிச்சம் யார்? அம்மா என்னிடம் அதைச் சொன்னபோது நீ பக்கத்தில்தான் நீச்சல் உடையை அலசிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. நீ நீந்திய தண்ணீரில் மூன்று வருடம் என் பள்ளிக்கூடம் கரைந்திருக்கிறது. மக்கு என்று எழுதுமுன் இதை நினைத்திருக்கலாம்.

ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படி என்று சொல்ல மாட்டேன், என்னாலும் வைக்க முடியவில்லை. கோபத்தோடே படி.

நான் குளத்தின் ஓரத்துக் கால்வாயைச் சுரண்டும்போது என் முகம் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். மேலே நின்று பார்க்கிற எந்த மாஸ்டருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். நீ மூச்சு வாங்கும்போது தலையைத் திருப்புவதில்லை, தூக்குகிறாய். தலை ஏறினால் இடுப்பு இறங்கும். இடுப்பு இறங்கினால் உன் காலையே நீ இழுத்துக்கொண்டு போகிறாய். தலை ஏறும் அந்த நேரத்தில் உன் வலது கை நேரே போய் நீருக்குள் நுழையாமல், மூக்குக்கு முன்னால் குறுக்கே விழுகிறது. தோளில் ஊசி குத்துவது அதனால்தான் என்று நினைக்கிறேன். கையைத் தொடை வரை தள்ளி முடிப்பதும் இல்லை. இடுப்புக்கு வந்ததும் அவசரமாக எடுத்துவிடுகிறாய். பாதிக் கைதான் உனக்கு வேலை செய்கிறது. மீதிப் பாதிக்குத்தான் அந்தக் கூடுதல் ஐந்து.

தங்கை


மார்ச் 14, சனி

கணக்கில் எண்பத்திரண்டு வாங்கிய மேதைக்கு,

அழுக்குச் சுரண்டுகிறவள் எனக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள்! ஒரு போட்டியில் இறங்கியிருக்கிறாயா? விசில் சத்தம் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிறவள் நீ.

பலகை வீசியது நினைவிருக்கிறது. மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது வரவில்லை. ஆனால் பதின்மூன்று வயதுக் கோபத்துக்குப் பத்தொன்பது வயதில் தண்டனை கொடுக்கிறாயே, அது உனக்கு நியாயமா?

போன ஞாயிறு அம்மா வாய்தவறி இன்னொன்றும் சொல்லிவிட்டாள். குளம் திறப்பதற்கு முன்னால் நீ தினமும் நீந்துகிறாயாமே. இரண்டு வருடமாகவாம்! நான் அங்கே இருந்தபோதே. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? குளத்தில் காவல் நாற்காலியில் உட்காரும் லைஃப்கார்டு வேலை காலியாகிறது, அதற்காகத்தான் பழகுகிறாள் என்றும் சொன்னாள்.

இப்போது புரிகிறது. அந்த வேலையை மேலாளர் எனக்கென்று வைத்திருக்கிறார். "விடுதி ஒத்துவரலைன்னா நேரா இங்க வந்துடும்மா, நாற்காலி உனக்குத்தான்" என்று நான் கிளம்பும்போதே சொன்னார். நான் தோற்றால் வீட்டுக்கு வருவேன். வந்தால் அந்த நாற்காலி உனக்கு இல்லை. அதனால் ஆறு வருடம் வராத உண்மை உனக்கு இப்போது பீறிட்டுக்கொண்டு வருகிறது. நான் ஜெயிக்க வேண்டும் என்றா? நான் திரும்பி வரக் கூடாது என்றா?

அக்கா

தலையைத் தூக்காமல் திருப்பினால் வாய்க்குள் தண்ணீர் போகிறது. மூன்று நாளாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.


மார்ச் 19, வியாழன்

அக்காவுக்கு,

மற்றதையும் எழுதத்தான் போகிறேன். பேச்சில்தான் என்னை நிறுத்த முடியும், தாளில் முடியாது.

நாற்காலி உனக்கென்று வைத்திருக்கிறார் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கடிதம் வந்த அன்றே மேலாளரின் அறை வாசலில் மூன்று முறை போய் நின்றேன். மூன்றாவது முறை அவரே, "என்னம்மா, கதவுக்குப் பாலிஷ் போடப் போறியா?" என்று கேட்டார். லைஃப்கார்டு வேலை என்றேன். எனக்கே கேட்காத குரலில். அவர் சிரித்துவிட்டார்.

"உனக்கா? முங்குறவன் காதுல விழுற மாதிரி ஒரு சத்தம் போடு பார்ப்போம்."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"அவன் முங்கி, மிதந்து, கரை ஒதுங்கினப்புறம்தான் நீ வாயைத் திறப்பே. போ, அக்கா வரட்டும்."

அழவில்லை. போய் வடிகட்டியைக் கழுவினேன், கை சிவக்கும் வரை. நீ போட்டியில் தோற்றாலும் உனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நான் ஜெயித்தாலும் எனக்கு இல்லை. எனக்கு உன்மேல் பொறாமையா என்று கேட்டிருந்தால் இல்லை என்று பொய் சொல்லியிருப்பேன். நீ கேட்காமலே சொல்கிறேன், இருக்கிறது. நீ திரும்பி வரக் கூடாது என்று நினைக்கிறேனா? அதுவும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்காக உனக்குத் தப்பாகச் சொல்லித் தரவில்லையே. சரியாகச் சொன்னால்தானே நீ அங்கேயே இருப்பாய்.

இனி மூச்சு. நீச்சல் கண்ணாடியில் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு கண் மட்டும் வெளியே வர வேண்டும். தலையைத் தனியாகத் திருப்பாதே. உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாயட்டும், தலை அதோடு சும்மா வரட்டும். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே மூச்சைக் குமிழி விட்டுத் தீர்த்துவிடு. நீ அதை அடக்கி வைத்திருந்து, மேலே வந்து விட்டுவிட்டு, பிறகு வாங்கப் பார்க்கிறாய். அதற்கு நேரம் ஏது? தண்ணீர்தான் போகும்.

நான் இப்படித்தான் பழகினேன். ஒரு கையை முன்னால் நீட்டி, மறுகையைத் தொடையில் ஒட்டி, ஒருக்களித்துப் படுத்தபடி கால் மட்டும் அடித்துப் போவேன். முதல் வாரம் மூழ்கினேன். பிறகு இரண்டு கையையும் முஷ்டியாக மூடிக்கொண்டு நீந்தினேன். உள்ளங்கை இல்லாதபோது முழங்கையை உயர்த்தி வைத்தால்தான் நகர முடியும். முன்கை முழுவதும் தண்ணீரைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் முஷ்டியைத் திறந்தால் கை ஒரு துடுப்பு மாதிரி இருக்கும்.

என் கணக்கு பதினெட்டு. கோபப்படு.

தங்கை


மார்ச் 28, சனி

பதினெட்டுக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். சாய்ந்தேன், குமிழி விட்டேன், மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க முஷ்டியை மூடிக்கொண்டு நீந்தினேன். கைவீச்சு நாற்பத்துநான்குக்கு இறங்கிவிட்டது. சந்தோஷமா?

நேற்று நானூறுக்கு நேரம் எடுத்தார்கள். ஐந்து முப்பத்தொன்று. முன்பைவிட ஏழு வினாடி அதிகம். மாஸ்டர் கடிகாரத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டி, "தூங்கிட்டே நீந்தக் கத்துக்கிட்டியா?" என்றார்.

பொய் சொல்லி ஒருமுறை கெடுத்தாய். உண்மை சொல்லி இன்னொரு முறை கெடுத்தாய். இரண்டரை வாரம்தான் இருக்கிறது. இனி எனக்கு எழுதாதே. காத்தாடியாகவே சுற்றிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2, வியாழன்

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். கிழித்துப் போடுவதாக இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதம் வந்ததும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதுமுன் ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் காலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீந்தினேன். அதுவரை நான் நேரமே பார்த்ததில்லை. கை மட்டுமே எண்ணியிருக்கிறேன். பதினெட்டுக் கையில் ஒரு நீளம் போக எனக்கு இருபத்தெட்டு வினாடி ஆகிறது. நடந்துபோகிற கிழவர் என்னை முந்துவார். கையை முன்னால் நீட்டி, அப்படியே சறுக்கிக்கொண்டு, நின்றே போகிற அளவுக்குக் காத்திருந்து அடுத்த கையைப் போட்டிருக்கிறேன். எண் குறைந்தால் போதும் என்று. நின்றுபோன உடம்பை மறுபடி தள்ளத்தான் எல்லா பலமும் போகிறது. நீயும் இப்போது அதையேதான் செய்கிறாய்.

அக்கா, நான் மறுபடியும் உனக்கு ஒரு பொய் எண்ணைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை பயத்தில் இல்லை, பெருமையில். உன்னைவிடக் குறைவு என்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. என்மேலேயே எனக்கு வருகிற ஆத்திரத்தை இந்தத் தாள் தாங்காது.

வேகமாகப் போனால் என் உண்மையான கணக்கு இருபது. நேரம் இருபத்திரண்டு வினாடி.

ஒரு கை முன்னால் நீண்டு தண்ணீரைப் பிடித்ததும் காத்திருக்காதே. மறுகை நுழையும்போது இது இழுக்கத் தொடங்கிவிட வேண்டும். நடுவில் சும்மா இருக்கிற நேரமே கூடாது. கையும் நேரமும் இரண்டையும் கூட்டிப் பார். ஐம்பது மீட்டருக்கு நாற்பத்தெட்டுக் கை, முப்பத்தெட்டு வினாடி என்றால் எண்பத்தாறு. அந்தக் கூட்டுத்தொகை குறைந்தால் மட்டும் நம்பு. நாற்பத்தெட்டு உனக்குப் போதும். நாற்பத்துநான்கு வேண்டாம்.

இதை உன் மாஸ்டரிடமே காட்டிக் கேள். என்னை நம்பாதே. நம்பும்படி நான் நடந்துகொள்ளவில்லை.

தங்கை


ஏப்ரல் 15, புதன்

தங்கைக்கு,

நேற்று தேர்வு முடிந்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று போனது. கடைசி நூறில் என் கை கல்லாகவில்லை. தோள் வலிக்கவில்லை. முன்னால் போன இரண்டு பேரைக் கடைசி ஐம்பதில் பிடித்தேன். சுவரைத் தொட்டபோது இன்னும் ஒரு நூறு போகலாம் போல இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் நீந்தியதே இல்லை.

ஐந்து பதின்மூன்று.

மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பதினோரு வினாடி குறைச்சிருக்கே. இந்த நீச்சலை ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா உன்னை நான் விட்டிருக்கவே மாட்டேன். இப்போ என்ன பண்ண, சட்டம் சட்டம்தான்" என்றார்.

மூன்று வினாடி. அந்த மூன்று வினாடி ஆறு வருடத்துக்கு முன்பே உன் வாயில் இருந்தது. ஓர் அடி வாங்கினாய், அதற்குப் பயந்து அதை விழுங்கிவிட்டாய். இன்னொரு அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று இரண்டாவது முறை சொல்லியிருக்கக் கூடாதா? அடித்தது என் தப்புதான். இதை எழுத ஆறு வாரம் ஆகியிருக்கிறது எனக்கு. ஆனால் உன்னை மன்னிக்கும் அளவுக்கு நான் இன்னும் ஆறவில்லை.

இருபத்தாறாம் தேதி ஞாயிறு காலை வருகிறேன். லைஃப்கார்டு வேலைக்குச் சேர்கிறேன் என்று மேலாளருக்கு எழுதிய கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நீதான் அவர் மேசையில் வைக்க வேண்டும். நீ படிப்பாய் என்று தெரிந்துதான் உறையை ஒட்டவில்லை.

அக்கா


ஏப்ரல் 18, சனி

அக்காவுக்கு,

படித்தேன். ஒட்டினேன். இன்று காலை பத்து மணிக்கு மேலாளரின் மேசையில் வைத்தேன். வைக்காமல் விட்டிருக்கலாம். தபாலில் காணாமல் போயிற்று என்றால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்தது. அதை வைத்துக்கொண்டே படியேறினேன்.

அவர் பிரித்துப் படித்து, "அப்பாடா! ஞாயித்துக்கிழமை வந்து திங்கக்கிழமையே உக்காரட்டும்" என்றார். "போம்மா, வேலையைப் பாரு."

நான் போகவில்லை.

"என்ன?"

"பரிட்சை இருக்கு சார்."

"என்ன முணுமுணுக்கிறே?"

"பரிட்சை இருக்கு சார்!"

கணக்கு எழுதுகிற பெண்மணி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து, நிறுத்தாமல் கத்தினேன். லைஃப்கார்டு வேலைக்கு நானூறு மீட்டர் நீந்த வேண்டும், ஆழமான பக்கத்தின் அடியிலிருந்து முங்கிய ஆள் மாதிரி கிடக்கும் எடைப் பொம்மையைத் தூக்கி ஒரு நீளம் இழுத்து வர வேண்டும், நாற்காலியில் இருந்து கூப்பிட்டால் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். வாசல் பலகையில் எழுதியிருக்கிறது சார், தினமும் துடைக்கிறவள் நான்தான் சார், அக்காவுக்கு மட்டும் விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை சார் என்றேன்.

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "அவ பதக்கம் வாங்கினவடி. அவளோட போட்டி போட்டு நீ ஜெயிப்பியா?"

"தெரியாது சார். ஆனா போடுவேன்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல படுத்து எழுந்திரிக்கணும், ஞாபகம் இருக்கா?"

"அது எங்க பாடு சார்."

இருபத்தேழாம் தேதி திங்கள், குளத்துக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு நம் இருவருக்கும் பரிட்சை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

நானூறில் நீ என்னை முக்கால் நிமிடம் முந்துவாய். எனக்கு அது தெரியும். பொம்மையில் நான் முந்துவேன். இரண்டு வருடமாக அந்த ஆழத்தில் மற்றவர்கள் தொலைக்கிற மோதிரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுப்பவள் நான். ஒரு கையால் எடையை இழுக்கும்போது உன் வலது தோள் என்ன செய்யும் என்று உனக்கே தெரியாது. இப்போதே பழகு. உடம்பை ஒருக்களித்துக்கொண்டு இடது கையால் இழு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு லாபம். இனி எதையும் விழுங்குவதாக இல்லை. கத்துவதில் நீ பிறவி மேதை, நான் இன்றுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், இரண்டாவது முறையும் சொல்லியிருக்க வேண்டும். அடிக்கு மட்டும் பயந்து சொல்லாமல் விடவில்லை. தோளில் நீ போட்ட கையை இழக்க மனம் வரவில்லை. அதற்கு விலை உன் மூன்று வினாடி என்று அப்போது எனக்குத் தெரியாது. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், நானும் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. உன் பாயை விரித்து வைக்கிறேன், அதற்கு மேல் ஞாயிறன்று என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை.

விட்டுக்கொடுக்காதே. நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நீ தங்கச்சி பாவம் என்று ஒரு கையைக் குறைத்துப் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

நீ ஜெயித்தால் நாற்காலி உனக்கு. நான் ஜெயித்தால் என் வேலை காலியாகும், அதை உனக்குக் கேட்டுத் தருகிறேன். துண்டு துவைக்கும் இயந்திரத்தின் கதவு சும்மா மூடாது. முட்டியால் ஓங்கி இடிக்க வேண்டும்.

தங்கை